எலக்ட்ரானிக் வியூஃபைண்டரா, ஆப்டிகலா: கண்ணை வைத்துச் சோதிக்கும் முறை

வியூஃபைண்டர் என்பது கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் துளை. டிஎஸ்எல்ஆரில் அது ஆப்டிகல்: லென்ஸில் வரும் ஒளியை உள்ளிருக்கும் ஒரு கண்ணாடி திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸில் எலக்ட்ரானிக்: துளைக்குள் ஒரு சின்னத் திரை. இரண்டு வகையிலும் ஒவ்வொரு கேமரா கைக்கு வந்ததும் முதலில் டயாப்டரை, அதாவது வியூஃபைண்டரை உங்கள் பார்வைக்குப் பொருத்தும் அமைப்பை, சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால், மங்கல் வியூஃபைண்டரில் இருக்கிறதா, அது உங்கள் கண்ணுக்கு இன்னும் பொருந்தவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணை வைக்கும் ஐபீஸை ஒட்டி ஒரு சின்னத் திருகு இருக்கும். லென்ஸை வெறும் சுவர்ப் பக்கம் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்துகளும் ஃபோகஸ் புள்ளிகளும் கூர்மையாகும்வரை அதைத் திருப்புங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதோடேயே பாருங்கள். ஐபாயின்ட் (முழுக் காட்சியும் தெரிய ஐபீஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற தூரம்) 20 மி.மீ.க்குக் குறைந்தால் நான்கு மூலைகளும் ஒருசேரக் கண்ணில் படுவது கஷ்டம்.

அடுத்து, விவரப் பட்டியலில் உள்ள எண்கள். காட்சி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்ற உருப்பெருக்கத்தை எல்லா கேமராவிலும் 50 மி.மீ. லென்ஸ் வைத்தே அளப்பதால், சின்ன சென்சாருக்கு எண் கூடுதலாக வரும். ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் கொண்ட டிஎஸ்எல்ஆரில் 0.95 என்று இருந்தால் அதை 1.5-ஆல் வகுக்க வேண்டும்; கேனான் என்றால் 1.6. கிடைப்பது 0.63 தான், பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமின் 0.7-ஐவிடச் சிறியது. மிரர்லெஸ் பட்டியல்களில் சில நிறுவனங்கள் வகுத்த எண்ணையே போடுகின்றன, அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள். விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்கள் 95 சதவீதப் பரப்பைக் காட்டுவதாகச் சொல்வது நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியாக. பெருக்கினால் 90 சதவீதம். படத்தில் பத்தில் ஒரு பங்கு, எடுக்கும்போது உங்களுக்குத் தெரியாது. எலக்ட்ரானிக்கில் அந்தக் கவலை கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது புள்ளிக் கணக்கு: 23.6 லட்சம் புள்ளி என்பது மூன்று நிறங்களையும் தனித்தனியாக எண்ணியது. உண்மையில் 1024 x 768 பிக்சல். 57.6 லட்சம் என்றால் 1600 x 1200. முடி, இலை நுனி எல்லாம் பிரிந்து தெரிய ஆரம்பிப்பது இங்கேதான்.

எண்களைவிட முக்கியமானது, வியூஃபைண்டர் எந்த இடத்தில் உங்களை ஏமாற்றும் என்பது. இரண்டுமே ஏமாற்றும், ஆனால் வேறு வேறு இடத்தில்.

ஆப்டிகலில் எஃப்/1.4 லென்ஸைப் பொருத்தி, அபெர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பை) எஃப்/2-இல் வைத்து, அந்தத் திறப்பைச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். காட்சி அசையவே அசையாது. எஃப்/2.8 வாக்கில்தான் இருள ஆரம்பிக்கும். வெளிச்சம் கூடுவதற்காக இன்றைய ஃபோகஸிங் ஸ்கிரீனை (வியூஃபைண்டரில் காட்சி வந்து விழும் தகட்டை) செய்திருக்கும் விதத்தில், லென்ஸின் ஓரத்தில் வரும் ஒளி கண்ணுக்கு வந்து சேர்வதில்லை. அதனால் பின்னணி எவ்வளவு மங்கும் என்பதும், ஃபோகஸ் மூக்கில் நிற்கிறதா இமையில் நிற்கிறதா என்பதும் உங்களுக்குக் காட்டப்படுவதில்லை. எஃப்/1.4-இல் கையால் ஃபோகஸ் செய்து உருவப்படம் எடுக்கிறவருக்கு இந்த ஒன்றே எலக்ட்ரானிக் பக்கம் போகப் போதுமான காரணம். அங்கே கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம்.

எலக்ட்ரானிக் ஏமாற்றுவது வெளிச்சத்தில். இருட்டறையில் திரை பளிச்சென்று தெரியும். எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளி) தாராளமாக இருக்கிறது என்று நினைத்துக் குறைத்துவிடுவீர்கள். கம்ப்யூட்டரில் திறந்தால் படம் இருண்டு கிடக்கும். நடு வெயிலில் இதற்கு நேர்மாறு. திரையின் பிரகாசத்தை ஆட்டோவிலிருந்து எடுத்து நடுநிலையில் நிறுத்துங்கள், முடிவை ஹிஸ்டோகிராமிடம் (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்திடம்) விடுங்கள். அதுகூட ஜேபெக் அமைப்பைப் பொறுத்தே வரையப்படுகிறது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்.

ஸ்டுடியோ ஃபிளாஷ் வைத்து 1/160, எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தவுடன் திரை கறுத்துப் போனால் கேமரா பழுதில்லை. அறை விளக்கில் அந்த எக்ஸ்போஷர் அப்படித்தான் இருக்கும், ஃபிளாஷ் வெடிக்கப் போவது திரைக்குத் தெரியாது. மெனுவில் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷைக் கழற்றியதும் முன்னோட்டத்தை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

வேகத்தைச் சோதிக்க, கதவு நிலையைப் பார்த்துக் கேமராவை இடவலமாக வீசுங்கள், பிறகு அதையே மங்கிய வெளிச்சத்தில். எலக்ட்ரானிக்கில் கோடு இழுபடுவதும் திரை விட்டுவிட்டு நகர்வதும் இங்கேதான் அம்பலமாகும். 60-க்குப் பதில் 120 ஃப்ரேம் வைத்தால் நல்ல வெளிச்சத்தில் குறையும். அடுத்து, ஓடும் ஒருவரைத் தொடர் ஷாட்டில் எடுங்கள். சில கேமராக்கள் ஷாட்டுக்கு இடையே நேரலைக்குப் பதிலாக, எடுத்து முடித்த படத்தைக் காட்டும். நீங்கள் பழைய நொடியைத் துரத்துவீர்கள், ஆள் ஃப்ரேமைவிட்டுப் போயிருப்பார். ஆப்டிகலில் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே போகும்போது இருட்டடிக்கும், ஆனால் இடையில் தெரிவது அந்த நேரத்துக் காட்சிதான். சோனி ஏ9, நிகான் இசட்9 போன்றவற்றில் தகவலை வேகமாக வெளியே அனுப்பும் அடுக்கு சென்சார் இந்தக் குறையையே எடுத்துவிட்டது.

பேட்டரியில் போட்டியே இல்லை. சிப்பா (ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கம்) அளவீட்டில் நிகான் டி850 ஒரு சார்ஜுக்கு 1840 படம், இசட்7 வியூஃபைண்டரில் 330. இரண்டும் ஒரே வகை பேட்டரி. நடைமுறையில் இரண்டிலும் அதற்கு மேல் வரும்; ஆனாலும் மிரர்லெஸுக்கு உபரி பேட்டரி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கடைசியாகச் சூரியன். ஆப்டிகலில் டெலிஃபோட்டோ வழியே அதைப் பார்க்கவே கூடாது, விழித்திரை கருகும். எலக்ட்ரானிக்கில் ஆபத்து பின்பக்கமும் உண்டு: ஐபீஸ் வெயிலைப் பார்க்கும்படி கேமராவை மேசையில் வைத்தால், அந்த லென்ஸே பூதக்கண்ணாடியாகி உள்ளிருக்கும் திரையில் நிரந்தரப் புள்ளியைப் பொசுக்கிவிடும். கேமராவைக் கீழே வைக்கும்போது ஐபீஸ் நிழல் பக்கம் இருக்கட்டும், அல்லது மேலே ஒரு துணியைப் போடுங்கள்.