சின்ன மாடல் ரயில் லேஅவுட்டுக்கு மலிவாக எஞ்சின் பிடிக்க

மேசை அளவு மாடல் ரயில் லேஅவுட்டுக்கு (தண்டவாள அமைப்புக்கு) எஞ்சின் தேடும்போது எல்லார் கண்ணும் முதலில் போவது நீளமான எக்ஸ்பிரஸ் எஞ்சின் மேல்தான். விலை அதிகம் என்பது ஒருபுறம், மாடல் ரயில் நிறுவனமான ஹார்ன்பியின் ‘முதல் ரேடியஸ்’ என்ற இறுக்கமான வளைவு வெறும் 371 மி.மீ. ஆரம், அதில் பெரிய எஞ்சின்கள் பலவும் திரும்பத் திணறும். நான்கு சக்கர டேங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டி எஞ்சினிலேயே இருக்கும் வகை) போதும். தொடக்க செட்டுகளில் பெரும்பாலும் இதுதான் வரும், அதனால் பழைய பொருள் விற்கும் இடங்களில் தாராளமாகக் கிடைக்கும், அட்டைப்பெட்டி இல்லாததைக் கேட்டால் இன்னும் மலிவு.

ஓஓ, ஹெச்ஓ என்ற இரண்டு மாடல் அளவுகளுக்கும் தண்டவாள அகலம் ஒன்றே, 16.5 மி.மீ. எஞ்சினின் அளவு கொஞ்சம் வித்தியாசப்படும் (நிஜ ரயிலோடு ஒப்பிட்டால் 1:76, 1:87), அது உறுத்தாது என்றால் இரண்டிலும் தேடலாம்.

வாங்கப் போகும்போது 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு ஒயரும் பையில் இருக்கட்டும். சாதாரண டிசி (நேர்மின்னோட்ட) எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து, இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று வைத்தால் சக்கரம் சுற்ற வேண்டும். சுற்றாததையும் உடனே ஒதுக்க வேண்டாம். ‘ஓடாது’ என்று எனக்கு அடிமாட்டு விலைக்கு வந்த ஒன்றில் அச்சைச் சுற்றிக் கார்ப்பெட் நூலும் தலைமுடியும் சிக்கியிருந்தன, சாமணத்தால் உருவி எடுத்து, சக்கரத்தின் கருப்பு அழுக்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன், அவ்வளவுதான், ஓடிவிட்டது. மோட்டாரில் கருகின வாடை வந்தால் மட்டும் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.