கொலு: கடைவீதியிலிருந்து சுண்டல் வரை

நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை வாங்க, மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே சென்னை மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போய்விடுங்கள். கடைசி நாள் மாலை நெரிசலில் குழந்தையையும் மண் பொம்மையையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். சுட்ட மண் பொம்மையை விரல் நுனியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். காகிதக்கூழ் பொம்மைக்கு இது பொருந்தாது. அது ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும், விலை பேசுவதையும் அவர்களிடமே விடுங்கள்.

படிகள் 3, 5, 7, 9 என ஒற்றைப்படையில் அமையும். சின்ன வீட்டுக்கு 3 தாராளம். மேலே விரிக்கும் வேட்டியை இழுத்துக் குண்டூசி குத்துங்கள். தொய்ந்தால் பொம்மை சாயும்.

கீழே பூங்கா அமைப்பது பிள்ளைகள் வேலை. கொலு வைப்பதற்கு 5 நாள் முன்பே தட்டில் 2 அங்குல மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவச் சொல்லுங்கள். தண்ணீரைத் தெளித்தால் போதும். ஊற்றினால் விதை அழுகிவிடும். பச்சை முளை எழும்பும் காலையில் வீடே கூடிவிடும்.

சுண்டலுக்குக் கால் கிலோ கொண்டைக்கடலையை இரவே ஊறவையுங்கள். தேங்காய்த் துருவலை அடுப்பை அணைத்தபின் சேருங்கள், பரிமாறும் நேரத்தில். முன்பே கலந்தால் மாலைக்குள் ஊசிப்போகும்.