ஆயிரம் கஜத்தில் சுடப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் இருக்கிறது பிஸ்லி. 1890 முதல் பிரிட்டனின் ரைஃபிள் போட்டிகளுக்கு அதுதான் தாய்வீடு. அங்கே ஸ்டிக்கிள்டவுன் மைதானத்தில் 1,000 கஜ தூரத்துக்கும் அதற்கு மேலும் சுடலாம். 1,000 கஜம் என்றால் 914 மீட்டர். இலக்கில் ஐந்து புள்ளி தரும் நடுவட்டம் இரண்டடி அகலம். ரைஃபிளின் மேல் தொலைநோக்கி கிடையாது, முன்னால் தாங்கிக் கால்களும் கிடையாது. குப்புறப் படுத்து, கையில் தோல்வாரை மாட்டிக்கொண்டு, ஒரு சிறு துளை வழியாகப் பார்த்துச் சுட வேண்டும். டார்கெட் ரைஃபிள் என்று இதைச் சொல்கிறார்கள்.

இந்தப் பயிற்சியில் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் வருவது ஒரே கேள்விதான்: நான் பிசகினேனா, காற்று தள்ளிவிட்டதா? இதற்குப் பதில் தெரிந்தால் அடுத்த குண்டைத் திருத்தலாம். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காதபடி செய்துவிடுபவை.

முதல் தவறு, துப்பாக்கியை வாங்க அவசரப்படுவது. பிரிட்டனில் கிளப்பில் சேர்ந்தால் குறைந்தது மூன்று மாதமாவது தற்காலிக உறுப்பினராக இருந்தாக வேண்டும். அதுவரை கிளப் ரைஃபிளில்தான் பழக்கம். அந்த நாட்களைக் காத்திருக்கும் காலமாக நினைக்காதீர்கள். உங்கள் கை நீளத்துக்கும் கழுத்துக்கும் எது பொருந்தும் என்று தெரியாமல் வாங்கிய ரைஃபிளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் பணம் போட வேண்டியவை உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் ஜாக்கெட், தோல்வார், கையுறை. காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். போன கேட்கும் திறன் திரும்பி வராது.

அடுத்தது, ரைஃபிளைத் தசை பலத்தால் பிடிப்பது. எடையைத் தாங்க வேண்டியவை எலும்பும் தோல்வாரும்தான். இது பலசாலிகளின் விளையாட்டு இல்லை. 1930-ல் பிஸ்லியின் மிகப்பெரிய பரிசான அரசர் பரிசை ஆண்களோடு போட்டியிட்டு வென்றவர் மார்ஜரி ஃபாஸ்டர். அதை வென்ற முதல் பெண் அவர். நம் நிலை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. குறி பார்த்ததும் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தித் திறந்து பாருங்கள். குறி இலக்கிலிருந்து விலகியிருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவரக் கூடாது. இடது முழங்கையை அசைக்காமல் இடுப்பை நகர்த்தி மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். கையால் இழுத்துப் பிடித்தால், விசையை அழுத்தும் நொடியில் தசை தளர்ந்து குறி பழைய இடத்துக்கே போய்விடும். குண்டும் அந்தப் பக்கமே விழும், நாம் காற்றைத் திட்டுவோம்.

குழாய் முனையில், இலக்கைச் சுற்றித் தெரியும் முன்குறி வளையத்தைச் சின்னதாக வைத்துக்கொள்வது பலருக்கும் வரும் ஆசை. இலக்கின் கரிய வட்டத்தை அது இறுக்கமாகச் சுற்றினால் துல்லியம் கூடும் என்று தோன்றும். ஆனால் இறுக்கமான வளையத்தில் வட்டம் மங்கி, நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண் ஏமாறும். சந்தேகம் வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு கூடுதல் நேரம் பார்ப்போம். ஏழெட்டு நொடி தாண்டினாலே பார்வை கெடத் தொடங்கும். சுற்றிலும் வெள்ளை தாராளமாகத் தெரியும்படி பெரிய வளையமே நல்லது. குறி கூடி வரவில்லையா, விரலை எடுத்துவிட்டு மூச்சு வாங்கி மறுபடி தொடங்குங்கள். பிஸ்லி முறையில் ஒரு குண்டுக்கு 45 நொடி இருக்கிறது. அது போதும்.

ரைஃபிள் சாய்வதையும் சொல்லியாக வேண்டும். குண்டு போகப் போகத் தாழ்வதால், 1,000 கஜத்தில் குழாய் இலக்குக்கு வெகு மேலே பார்த்தபடி நிற்கும். அதனால் துப்பாக்கி ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தாலும் குண்டு சுமார் அரை அடி விலகும். 300 கஜத்தில் தெரியாத பிழை இங்கே பளிச்சென்று தெரியும். முன்குறியில் ஒரு சின்ன நீர்மட்டக் குமிழ் வைத்துக்கொண்டால் போதும்.

இனி காற்று. வழக்கமான 155 கிரெயின் (சுமார் பத்து கிராம்) குண்டு அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, அதற்குள் அதை ஏழடி தள்ளிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைல் வேகம் என்பது எட்டு அங்குலத்துக்குச் சற்று மேல். ஒன்றரை மைல் தப்பாகக் கணித்தாலே நடுவட்டத்தின் மையத்திலிருந்து அதன் விளிம்புக்குப் போய்விடுவோம்.

காற்றின் திசையைக் கணிப்பதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். சாய்வாக 45 டிகிரியில் வரும் காற்றைப் பாதி என்று எடுத்துக்கொள்வது ஒன்று. உண்மையில் அது முழுக் குறுக்குக் காற்றில் பத்தில் ஏழு பங்கு தள்ளும். பாதி என்பது சுடும் திசைக்கு 30 டிகிரி சாய்ந்த காற்றுக்குத்தான். இரண்டாவது, முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று ஆபத்தில்லை என்று நம்புவது. எனக்கு மிகவும் பயம் தருவது அந்தக் காற்றுதான். அதே 10 மைல் காற்று நேர்பின்னாலிருந்து 15 டிகிரி இப்பக்கமும் 15 டிகிரி அப்பக்கமும் ஆடினால், ஒரு பக்கம் சுமார் 22 அங்குலம், மறுபக்கமும் அவ்வளவு. காற்றைக் காட்ட மைதானத்தில் நட்ட கொடிகள் பார்வைக்குக் கொஞ்சம்தான் ஆடியிருக்கும், குண்டு நடுவட்டத்தை விட்டே வெளியே போயிருக்கும். அந்த மாதிரி நாளில் கொடி நிலைக்கும் பக்கம் பார்த்துக் காத்திருந்து சுட வேண்டும்.

காற்று மென்மையாக இருக்கும்போது கொடி பொய் சொல்லும், சூட்டில் நெளியும் கானல் சொல்லாது. பக்கத்தில் வைக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, அதாவது இலக்கைப் பார்க்கும் தனித் தொலைநோக்கியை, இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் குவித்தால் கானல் ஓடும் திசை தெரியும். நேராக மேலே கொதிப்பதுபோல் எழுந்தால் குறுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம், அல்லது அது திசை மாறப் போகிறது. அந்த ஸ்கோப்பையும் முழங்கையைத் தூக்காமல் கண் போய்ச் சேரும் இடத்தில் வையுங்கள். பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் எழுந்து படுத்தால், கஷ்டப்பட்டு அமைத்த நிலை கலைந்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. குண்டு விழுந்த இடத்தைத் துரத்துவது. இலக்கைக் கீழே இறக்கி, துளையில் வட்டு மாட்டி, மேலே ஏற்றிக் காட்டுவார்கள். வட்டு வலப்பக்கம் தெரிந்ததும் நம் கை தானாகவே சைட்டை, அதாவது நாம் பார்க்கும் துளையை நகர்த்தும் திருகை, திருப்பப் போகும். நானும் முதல் கோடை முழுக்க அப்படித்தான் சுட்டேன். ஒருமுறை வலம், ஒருமுறை இடம், அன்று எதையுமே கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்கு வருவேன். மாற்றியது ஒரு மூத்த உறுப்பினர் சொன்ன பழக்கம்: இலக்கு மேலே வரும் முன்பே, விசை விடுபட்ட நொடியில் குறி எங்கே இருந்தது என்று தாளில் புள்ளி வைத்துவிடுங்கள். பக்கத்திலேயே காற்று எவ்வளவு என்று கணித்தீர்கள், சைட்டில் எத்தனை நிமிடக் கோணம் வைத்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஒரு நிமிடக் கோணம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, அங்கே பத்தரை அங்குலம். உங்கள் புள்ளியும் வலப்பக்கம், வட்டும் வலப்பக்கம் என்றால் பிழை உங்களுடையது, சைட்டைத் தொடாதீர்கள். உங்கள் புள்ளி நடுவில், வட்டு வலப்பக்கம் என்றால் காற்றைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள், அப்போது திருப்புங்கள்.

இந்தப் புள்ளியை நேர்மையாக வைக்கப் பழகுவதற்குச் சிறந்த இடம் ஸ்டிக்கிள்டவுன் இல்லை. குளிர்காலத்தில் பல கிளப்புகளில் கூரைக்குக் கீழே 25 கஜத்தில் .22 ரைஃபிள் சுடுவார்கள். 1,000 கஜம் கற்க வந்தவர்கள் அதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒதுக்காதீர்கள். அங்கே காற்றே கிடையாது. விலகும் ஒவ்வொரு குண்டும் உங்களுடையதுதான்.