பழைய கிராண்ட் பியானோ: சுருதி நிற்குமா என்று பார்ப்பது எப்படி

பார்க்க வரும் தேதியைப் பேசும்போதே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: எனக்காகப் புதிதாக ட்யூன் செய்து வைக்க வேண்டாம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். நான் வாங்கிய முதல் கிராண்ட், பார்க்கப் போன அன்று அப்பழுக்கில்லாமல் ஒலித்தது. முந்தின நாள்தான் ட்யூன் செய்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரமே சுருதி கலைந்தது. இடம் மாறினால் அப்படித்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மறுபடி சேர்க்கச் சொன்னேன். பத்து நாள் தாங்கவில்லை.

போயிருந்தது பின் பிளாக் (pin block), அதாவது கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் முளைகள் இறங்கியிருக்கும் மரப் பலகை. பியானோவில் 200-க்கும் மேற்பட்ட கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எஃகு முளை. எல்லாமாகச் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 டன்னுக்கு மேல். முளைகளைப் பிடித்திருப்பதோ அந்தப் பலகையின் இறுக்கம் மட்டும்தான். வறட்சியில் மரம் சுருங்கி வெடித்தால் முளை நழுவும். சில சமயம் தடித்த முளை போட்டுச் சமாளிக்கலாம். முடியாவிட்டால் கம்பிகளையும் இரும்புச் சட்டத்தையும் கழற்றிப் பலகையையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு வாங்கிய விலையை மிஞ்சிவிடும்.

செல்போனில் ட்யூனர் செயலி இருந்தால் போதும். நடு சி-க்கு மேலுள்ள ஏ 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கடைசிக் கட்டை வரை ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்துங்கள். எல்லாமே ஒரே அளவு இறங்கியிருந்தால் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டதுதான். ஆனால் அரைக்கட்டை இறங்கியிருந்தால், ஏற்றும்போது துருப்பிடித்த கம்பிகள் அறுந்துபோகலாம். பயப்பட வேண்டியது வேறு: பக்கத்துக் கட்டைகள் சரியாக இருக்க, அங்கங்கே சில மட்டும் அழுது வழிவது. ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளும் ஆளுக்கொரு பக்கம் போனால் முளையைச் சந்தேகப்படுங்கள்.

டார்ச்சோடு அடியில் படுத்தும் பாருங்கள், உடை அழுக்காகட்டும். கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப் பலகையான சவுண்ட்போர்டில் விரிசல் கண்டதும் பலர் ஓடிவிடுகிறார்கள். அதிர்வுச் சத்தம் இல்லாமல், குறுக்குச் சட்டங்களை விட்டுப் பிரியாமல் இருந்தால் அதோடு பல வருடம் வாசிக்கலாம். இரும்புச் சட்டத்தில் விரிசல் என்றால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். கம்பியைத் தட்டும் சுத்தியலின் கம்பளியில் பள்ளம் இருந்தால் சீவிச் சரிசெய்யலாம், அதற்குக் கம்பளி மிச்சம் இருக்க வேண்டும்.

இவ்வளவும் தேறினால் ஒரு டெக்னீஷியனைக் கூட்டிப் போங்கள். விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம், நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்கட்டும். ட்யூனிங் சாவியைப் போட்டு முளைகளை லேசாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கம் எவ்வளவு என்று அவர் கைக்குத் தெரிந்துவிடும்.