கலிபோர்னியா குளிருக்குக் கொல்லைப்புற ஆமையைத் தயார் செய்வது எப்படி?

சான் ஹோசே பக்கம் கொல்லையில் குளம் வைத்து ஆமை வளர்க்கும் பலர், "இங்கே என்ன பனியா கொட்டுகிறது?" என்று குளிர்காலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. பனி கொட்டாததுதான் சிக்கலே. டிசம்பர், ஜனவரியில் இரவு 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியும் (4 செல்சியஸ்), பகல் 60ஐ ஒட்டியும் (15 செல்சியஸ்) இருக்கும். ஆமை ஆழ்ந்து உறங்க இந்தக் குளிர் போதாது, தின்றதைச் செரிக்க இந்தச் சூடும் போதாது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையைத்தான் நாம் சமாளிக்கப் போகிறோம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் சிவப்புக் காது ஸ்லைடர் என்ற நீர் ஆமைக்கு. சென்னையிலிருந்து படிப்பவர்களுக்கு மார்கழியில்கூட இந்தப் பாடு இல்லை. அதோடு, நட்சத்திர ஆமை போன்ற நம்மூர் ஆமைகளை வீட்டில் வளர்ப்பதே அங்கே சட்டப்படி குற்றம்.

படி 1: யாரை வெளியே விடுவது? (செப்டம்பர்)

நன்கு வளர்ந்த, நோயில்லாத ஆமையை மட்டும்தான். குஞ்சுகள், கோடையில் நோய்வாய்ப்பட்டவை, புதிதாக வந்தவை எல்லாம் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும். ஆமையைக் கையில் எடுத்து மூக்கைப் பாருங்கள். துவாரத்தில் குமிழி வந்து வந்து உடைகிறதா? கண் வீங்கியிருக்கிறதா? நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அப்படியே மலத்தில் புழு இருக்கிறதா என்றும் பரிசோதித்து விடலாம். சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமையிடமிருந்து சால்மோனெல்லா தொற்றும். தராசுக்கும் அதே கழுவல்தான்.

படி 2: சாப்பாட்டை நிறுத்துவது (அக்டோபர், நவம்பர்)

புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆமைக்கு உடம்புக்குள் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் குடலும் மெதுவாகிவிடும். வயிற்றில் இருப்பது செரிக்காமல் அப்படியே அழுக ஆரம்பிக்கும். அதனால் குளத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டு, காலையில் ஒருமுறை பாருங்கள். காற்றின் வெப்பத்தைப் பார்த்துப் பயனில்லை, தண்ணீரின் வெப்பம்தான் கணக்கு. அது 60 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் தீனியை அடியோடு நிறுத்துங்கள்.

அப்புறம் ஜனவரியில் திடீரென்று நாலு நாள் நல்ல வெயில் அடிக்கும். ஆமை மேலே வந்து கல்லில் ஏறி உட்கார்ந்து, கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கும். கொடுக்காதீர்கள். பகலில் விழுங்கியதை அன்று இரவுக் குளிர் செரிக்க விடாது. வெயில் காய்ந்துவிட்டுத் தானே உள்ளே போய்விடும். கொழுத்த ஆமை சில மாதம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

படி 3: குளம்

குறைந்தது இரண்டடி ஆழம் வேண்டும், மூன்றடி இருந்தால் நிம்மதி. ஆழத்தில்தான் தண்ணீரின் வெப்பம் பகலுக்கும் இரவுக்கும் தாவாமல் நிலையாக இருக்கும். தரைக்கு மேல் வைத்த பிளாஸ்டிக் தொட்டி காற்றோடு சேர்ந்து சூடாகிக் குளிரும். அதில் இருப்பதை உள்ளே கொண்டுவந்து, 75 டிகிரி ஃபாரன்ஹீட் (24 செல்சியஸ்) தண்ணீர், வெயில் காயும் விளக்கு, புற ஊதா விளக்கு வைத்து வழக்கம்போலத் தீனி கொடுத்து வளருங்கள். கராஜில் ஒரு டப்பாவில் வைத்து அரை குளிரில் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

உதிர்ந்த இலைகளை வலையால் அள்ளிவிடுங்கள். அடியில் அழுகும் இலை தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். ஸ்லைடர் ஆமை குளிரில் நெடுநேரம் மூச்செடுக்காமல் அடியில் கிடக்கும். அப்போது உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை அதன் ஓட்டிலிருந்து கரையும் தாதுக்களே மட்டுப்படுத்தும். அந்தத் திறமையை நாற்றமடிக்கும் தண்ணீரில் சோதிக்க வேண்டாம். செயற்கை அருவி இருந்தால் நிறுத்திவிடுங்கள், இரவுக் காற்றில் விழும் தண்ணீர் குளத்தை இன்னும் குளிர்விக்கும். மந்தமான ஆமையும் ஏறி வரும்படி சரிவான பலகை ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும்.

படி 4: ரக்கூன்

குளிரில் விறைத்த ஆமையால் ஓட முடியாது, கடிக்கவும் முடியாது. இரவில் இரை தேடி வரும் ரக்கூன் என்ற காட்டு விலங்குக்குக் கை மாதிரியே விரல் உண்டு, கொக்கியைத் திறந்துவிடும். குளத்தின் மேல் கம்பி வலைச் சட்டம் போட்டுப் பூட்டுங்கள். கோழி வலை போதாது, தடித்த பற்றவைத்த கம்பிதான் சரி.

பாக்ஸ் ஆமை என்றால்

இது தரையில் வாழும் ஆமை, மண்ணுக்குள் புதைந்து உறங்கும். கலிபோர்னியாவில் மழையே குளிர்காலத்தில்தான் என்பதால் தண்ணீர் தேங்காத மேடான இடமாகப் பார்த்து, மண்ணை ஒன்றரை அடிக்குக் கொத்திப் பொலபொலப்பாக்குங்கள். மேலே காய்ந்த இலையைக் குவித்து, சாய்வாக ஒரு பிளைவுட் பலகை போடுங்கள். மண் ஈரமாக இருக்கலாம், சொதசொதவென்று இருக்கக் கூடாது. உறங்கப் போகுமுன் சில நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் தாடை நனையாத அளவுக்கு உட்கார வைத்தால் குடித்து, கழித்து, வயிறு சுத்தமாகும். எலி இருக்கும் கொல்லை என்றால் சுற்றிலும், அடியிலும் சிறுகண் கம்பி வலை வேண்டும். உறங்கும் ஆமையின் காலை எலி கொறித்துவிடும்.

படி 5: இடையில் பார்ப்பது, எழுப்புவது

அடிக்கடி தூக்கிப் பார்த்துத் தொந்தரவு செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் மட்டும் எடுத்து, பின்னங்காலை லேசாக இழுங்கள். உயிருள்ள ஆமை மெதுவாகவேனும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எடை பத்துச் சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் உறக்கத்தை அன்றே முடித்து, உள்ளே கொண்டுவந்து படிப்படியாகச் சூடாக்கி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்ச் வாக்கில் தண்ணீர் 60ஐத் தாண்டி நிலைத்தபின் கொஞ்சமாகத் தீனி போடுங்கள். முதல் சில நாள் மோந்துகூடப் பார்க்காது, பரவாயில்லை. இரண்டு வாரம் நல்ல சூட்டில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.