மணல்மேட்டில் களையெடுக்கும் முறை: இராமநாதபுரம் கடலோரத்தாருக்கு

தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், ஏர்வாடி, வாலிநோக்கம் வரை கடலை ஒட்டி வீடோ தோப்போ தங்கும் விடுதியோ வைத்திருப்பவர்கள், கரையைக் காப்பதென்றால் நெகிழிக் குப்பையைப் பொறுக்குவதையே பெரும்பாலும் நினைக்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் வேலிக்கு நட்ட செடியும் அழகுக்கு வாங்கிய கொடியும் மணல்மேட்டில் வேர்பிடித்துவிட்டால், அள்ளிப் போட்டுத் தீர்க்க முடியாது.

முதல் வேலை, எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொள்வது. இம்மாவட்டத்தில் களையெடுப்பு என்றாலே சீமைக் கருவேலம்தான். முள்மரமெல்லாம் சீமைக் கருவேலம் என்று எண்ணி அரிவாளை வீசுபவர்கள், இந்த மண்ணுக்கே உரிய குடைவேல மரத்தையும் சாய்த்துவிடுகிறார்கள். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் நிறத்தில் விரல்போல் நீண்ட கதிராக இருக்கும். காய் தட்டையாக நீண்டு, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். குடைவேலத்தின் பூவோ சிறு உருண்டை, காய் சுருண்டிருக்கும், முள் வெண்மையாகத் தெரியும், வளர்ந்த மரம் விரித்த குடையைப் போலவே நிற்கும். பூவோ காயோ இல்லாத காலத்தில் ஐயம் ஏற்பட்டால், அந்த மரத்தை அடுத்த பருவம் வரை விட்டுவைப்பதே நல்லது.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டமாக வெட்டுவது வீண் உழைப்பு. மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளை வெடித்து, மறு ஆண்டு முன்னிலும் அடர்ந்த புதராகிவிடும். கரிமூட்டம் போடுபவர்களுக்கு வேண்டுமானால் அது உதவும். ஆகவே, ஏறக்குறைய ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி, தூரோடு எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மணலில் ஈரம் இருக்கும் தை மாதமே இதற்கு ஏற்ற காலம்: கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம், பெரியவற்றுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். காய்ந்த கண்மாயில் பொக்லைன் இறக்குவதைக் குறை சொல்ல முடியாது. மணல்மேட்டில் அது இறங்கினால், களையோடு மேடும் போய்விடும். காய் உள்ள கிளைகளை ஆடு மாடு எட்டாத இடத்தில் குவியுங்கள். அவை காயைத் தின்று, சாணத்தோடு விதையை அடுத்த மேட்டில் போட்டுவிடும்.

உண்ணிச்செடி, நித்தியகல்யாணி, வெளிநாட்டுத் தரைக்கொடிகள் ஆகியவை கரைக்கு வருவது பெரும்பாலும் நம் கையால்தான். கத்தரித்த கிளைகளையும் வாடிய தொட்டிச்செடிகளையும் ‘சும்மா கிடக்கும் மணல்தானே’ என்று சுற்றுச்சுவருக்கு அப்பால் வீசுகிறோம். ஒரு கணு ஈரம் கண்டால் போதும், தரைக்கொடி துளிர்த்துவிடும். தோட்டக் கழிவை வெயிலில் முற்றாக உலர்த்தி, வீட்டு எல்லைக்குள்ளேயே மக்கவிடுவதே சரியான முறை.

களை எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால், ஆடிக்காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும். அதனால் சிறு பரப்பாக எடுத்து, அது மூடிய பிறகு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கடல் பார்த்த சரிவுக்கு அடம்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் போதும். அடம்பங்கொடியில் கணுக்களோடு ஒரு முழத் துண்டை ஐப்பசி மழையில் சாய்வாகப் புதைத்தால், உரமில்லாமலே பிடித்துக்கொள்ளும். மேட்டுக்குப் பின்புறம் தாழை, புன்னை, பூவரசு, பனை ஆகியவற்றை வைக்கலாம். கடலோரம் முழுவதும் சவுக்கை வரிசையாக நடும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை: உதிரும் சருகு தடித்துப் படிந்து, அதன் கீழ் வேறெதையும் முளைக்க விடுவதில்லை.

நட்ட இடத்தைக் காலும் சக்கரமும் கெடுக்கும். கடலுக்குச் செல்ல ஒரே ஒற்றையடிப் பாதையை ஒதுக்கி, இருபுறமும் பனைமட்டை வேலி கட்டுங்கள். மணலில் வண்டி ஓட்ட வேண்டாம். பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில், கடல் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சத்தைக் கடலென்று எண்ணி ஊருக்குள் நடக்கும். அறுந்த நைலான் வலைகளை மணலில் புதைக்காமல் அள்ளி அகற்றுங்கள்.

தண்ணீருக்குள்ளும் களை உண்டு. மிதவையில் வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவை ஒட்டிய உயிருள்ள பவளப்பாறைகளின்மேல் படர்ந்து மூடியது 2008ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கிறது. அது துண்டிலிருந்தே தழைப்பது; எனவே பாசி வளர்ப்பவர்கள் மிதவையையும் கயிற்றையும் கடலில் அலசாமல், கரையில் உலர்த்திய பின் சுத்தம் செய்ய வேண்டும். பாறையில் ஒட்டியதை நீங்களாக எடுக்கப் போக வேண்டாம். உடைந்த துண்டுகள் பரவுவதோடு, 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றம். கண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கரையிலும் உங்கள் பட்டா நிலத்தைத் தாண்டிக் கை வைக்கும் முன் கேட்டுக்கொள்வது அவசியம். 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேடுகளையும் அலையாத்திக் காடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிகக் கடுமையான பாதுகாப்பின்கீழ் வைத்திருக்கிறது. களையெடுக்கும் எண்ணத்தை ஊராட்சிக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் மார்கழியிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டால், தை பிறந்ததும் தாமதமின்றி வேலையைத் தொடங்கலாம்.