எண்ணூரை வைத்து எதிர்கால அரசியல் மர்மக் கதை எழுதுவது எப்படி?

மனத்தை மாற்றும் மருந்தொன்றைச் சுற்றி அதிகாரத்தையும் ஊழலையும் பின்ன நினைப்பவர்களில் பலர், பறக்கும் வாகனங்களில் தொடங்கி முதல் அத்தியாயத்திலேயே வாசகரை இழந்துவிடுகிறார்கள். கதை 2060இல் வடசென்னையில் நடப்பதாக வைத்துக்கொண்டாலும், அந்த மருந்து மனிதரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். ‘மூளையைக் கட்டுப்படுத்தும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் கதை நிற்காது.

பதற்றத்தைப் பறிக்கட்டும் என்பது என் யோசனை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலும்தான் மக்களை உலுக்கி எழுப்பித் தெருவுக்கு ஓடவைத்தன. அந்த எரிச்சலை உடல் உணர்ந்தும் மனம் பொருட்படுத்தாதபடி செய்யும் ஒரு மாத்திரையால் யாருக்கெல்லாம் லாபம் என்று பட்டியலிட்டுப் பாருங்கள். பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும். இருட்டுச் சந்தில் அதை யாரும் விற்க வேண்டியதில்லை. கசிவுக்கு மறுநாள் நடக்கும் இலவச மருத்துவ முகாமில், நல்ல தூக்கம் வரும் என்று சொல்லி, வரிசையில் நிற்பவர்களுக்கு வார்டு ஆட்களே கொடுத்துவிடலாம்.

ஊழலைப் பணப்பெட்டியில் காட்டுவது பழைய வழி. அதைக் கோப்பில் காட்டுங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் மூன்றாவது பிரிவு என்று ஒன்று உண்டு. மனமயக்கப் பொருள்களின் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவும், இருப்பதை நீக்கவும், அரசிதழ் அறிவிப்பின் மூலம் மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. நேற்றுப் பிறந்த ஒரு வேதிப்பொருளின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றாமல் தாமதப்படுத்துபவர் யார், அந்தத் தாமதத்துக்கு அவர் என்ன விலை கேட்கிறார் என்பதே உங்கள் கதையின் முதுகெலும்பு. (மருந்தாக விற்க வேறு சட்டத்தின் அனுமதி வேண்டும், அது வேறொரு மேசை, வேறொரு கை.)

காலக்கெடுவைக் கடலே வைத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசு இருக்காது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. இரண்டுமே இந்த நாட்களுக்குள் விழுந்தன. அதே பொருத்தத்தை 2060க்கும் எடுத்துக்கொண்டால், வருமானமில்லாத வீடுகளும் வாக்குக் கேட்டு வரும் வண்டிகளும் இலவச மாத்திரையும் ஒரே தெருவில் சந்திக்கும்.

பேச்சுமொழியில் எச்சரிக்கை தேவை. வரிக்கு வரி ‘நைனா’ போட்டால் அது திரைப்பட வடசென்னை ஆகிவிடும்.

முதல் காட்சியை விடிவதற்கு முன் காசிமேட்டு ஏலத்தில் வையுங்கள். தடைக்காலத்தில் பைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்சம் மீனுக்கு விலை ஏறும், கூச்சலும் கூடும். இருபது வருடமாகக் கூடை எடுக்கும் ஒரு பெண், தன் பக்கத்தில் நிற்பவர்கள் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு நகர்வதைப் பார்க்கிறாள். அவள் மட்டும் அன்று முகாமுக்குப் போயிருக்கவில்லை.